சுவரைப் பார்த்து நில்

"இதென்ன, தப்பு பண்ணின பிள்ளையை நிக்க வைக்கிற மாதிரி சுவத்தைப் பார்த்து நிக்க வைக்கறீங்க?"

எக்ஸ்ரே அறையே அதிர்ந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது, முதுகெலும்பில் வளைவு. நாலு மாதத்துக்கு ஒரு படம், இது எட்டாவது. வளைவு கூடியிருந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தையெல்லாம் அம்மா இங்கே கோபமாகக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

டெக்னீஷியன் ஐம்பதைத் தாண்டியவள். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம்.

"முதுகுக்குத்தானே படம்? முதுகைக் காட்டினா போதும்."

"பழைய ஆஸ்பத்திரியில ஏழு படமும் முன்னாடி பார்க்க வச்சுத்தான் எடுத்தாங்க. அவங்களுக்கு வேலை தெரியாதா?"

சொன்ன கையோடு மகளின் தோளைப் பிடித்து மெஷின் பக்கம் திருப்பினாள்.

டெக்னீஷியன் வந்து மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

பாவம், அந்தப் பெண் என்ன பம்பரமா? "விடும்மா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"முன்னாடி பார்த்து நின்னா கதிர் நேரா நெஞ்சுல விழும். வளர்ற பொண்ணு. திரும்பி நின்னா அங்க ரொம்பக் கொஞ்சம்தான் போகும்."

"ஏழு தடவை விழுந்துச்சே, என்ன ஆயிடுச்சு?"

"உடனே தெரியாது."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" அம்மாவின் குரல் உடைந்தது. "உங்க பொண்ணா இருந்தா இப்படி மூஞ்சியைத் திருப்பி நிக்க வச்சு அழ விடுவீங்களா?"

"விடலை" என்றாள் டெக்னீஷியன். "அவளுக்கும் இதே வளைவுதான். இருபத்திரண்டு படம், அத்தனையும் நான்தான் எடுத்தேன். அப்பல்லாம் இங்கயும் முன்னாடி பார்க்க வச்சுத்தான் எடுப்போம். ஒரு தடவைகூட அழலை. என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே நிப்பா."

"இப்ப முதுகு சரியாயிடுச்சா?"

"நேராயிடுச்சு. நாலாவது மாடியில படுத்திருக்கா. மார்புல புத்துநோய். அந்தப் படங்களாலதான்னு டாக்டர்களால சொல்ல முடியலை. இல்லைன்னும் சொல்ல முடியலை."

அம்மா மகளின் கண்ணைத் துடைத்தாள். தோளைப் பிடித்து, தானே சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.