இருபதுக்குப் பூஜ்யம்

“ஏழெட்டு?”

“அம்பத்தி நாலு.”

“தப்பு! போ, பத்துப் படி ஏறி இறங்கிட்டு வா.”

கோச்சிடம் இரக்கமே கிடையாது. பூஜ்யம் மூச்சு வாங்கப் படியேறி இறங்கி வந்து, “அம்பத்தாறு, அம்பத்தாறு! போதுமா?” என்றாள்.

பூஜ்யம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்ன? டீச்சர் வைத்த பெயர். டீச்சர் வேற்றாள் இல்லை. இந்த வீட்டுத் தலைவரின் சொந்த அக்கா, இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர்.

இரண்டு மாதத்துக்கு முன் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது ‘முந்திச் சொல்’ ஆட்டம் நடந்தது. இரண்டு எண் அட்டைகளைத் திருப்புவார்கள். பெருக்கி முதலில் விடை சொல்பவருக்கு ஒரு புள்ளி. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பழகட்டும் என்று டீச்சரே கொண்டுவந்த விளையாட்டுதான். அன்றைக்கு வேண்டுமென்றே இவளை எதிரே உட்கார வைத்து இருபது ஆட்டம் ஆடினார்.

“எனக்கு இருபது, உனக்குப் பூஜ்யம்!” என்று கைதட்டினார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

அதோடு விட்டாரா? “தம்பி, இந்த வீட்ல இருந்தா பிள்ளை உருப்படாது. லீவு முடிஞ்சதும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்கேயே தங்கிப் படிக்கட்டும்.”

அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பி தலையைச் சொறிந்தார். “இன்னொரு வாய்ப்பு குடுக்கா. லீவு முடியறப்போ திரும்ப ஆடுங்க. அப்பவும் தோத்தா கூட்டிட்டுப் போ.”

பூஜ்யம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கோச்தான் கதவைத் தட்டினாள். “அழுதது போதும், வெளியே வா. அவங்க மூக்கை உடைக்கணும்.”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கோச் ஸ்டூலில் ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து அட்டைக் கட்டை எடுப்பாள். பல் தேய்க்கும்போது ஏழாம் வாய்ப்பாடு, துணி மடிக்கும்போது எட்டாம் வாய்ப்பாடு. சலிப்பு வரும்போதெல்லாம் அந்தக் கைதட்டலை நினைத்துக்கொள்வாள். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

“ஒண்ணு கவனிச்சேன்” என்றாள் கோச் ஒருநாள். “அவங்க பதிலை உடனே சொல்றதில்ல. கிளாஸ்ல கேக்கற மாதிரி முதல்ல கேள்வியை வாய்விட்டுச் சொல்றாங்க. அந்த நேரத்துல நீ புகுந்துடு.”

லீவு முடிந்தது. டீச்சர் ஒரு காலிப் பெட்டியோடு வந்து இறங்கினார். “பிள்ளையோட துணியெல்லாம் இதுல அடுக்கிடலாம்.”

ஆட்டம் தொடங்கியது. டீச்சர் “ஆறேழு...” என்று இழுப்பதற்குள், “நாப்பத்தி ரெண்டு!” என்றாள் பூஜ்யம். “எட்டெட்டு...” “அறுபத்தி நாலு!”

டீச்சருக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் சும்மா வந்த அனுபவமா அது? இருபது ஆட்டம் முடிந்தபோது பத்துக்குப் பத்து. கடைசியாக ஒரே ஒரு ஆட்டம்.

அட்டைகள் திரும்பின. ஒன்பது. பக்கத்து அட்டையில் பூஜ்யம்.

“ஒன்பதை...” என்று டீச்சர் ஆரம்பித்தார்.

“பூஜ்யம்!”

இரண்டு மாத வன்மமும் அந்தச் சத்தத்தில் இருந்தது. அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். “அந்தப் பேரை இனிமே நீங்களே வெச்சுக்குங்க!” என்று சொல்லி, காலிப் பெட்டியைக் காலாலேயே டீச்சர் பக்கம் தள்ளினாள். இந்தத் தடவை ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. “உனக்கு... யார் சொல்லிக்குடுத்தது?”

பூஜ்யம் திரும்பி கோச்சைப் பார்த்தாள். கோச் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“அம்மா, அப்போ நான் அத்தை வீட்டுக்குப் போக வேண்டாம்ல?”