வாளுக்கு வாழ்க்கைப்பட்டவள்

மாப்பிள்ளை வரவில்லை. அவர் உட்கார வேண்டிய இடத்தில், பட்டுத் தலையணை மேல் அரண்மனைக் குத்துவாள் ஒன்று கிடந்தது. பிடி முதல் உறை வரை மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

பக்கத்தில் மணப்பெண் சுமிரா. சந்தையில் தெம்பே என்ற சோயா அடை விற்கிறவளின் மகள். இவளைத்தான் கட்டுவேன் என்று ராஜா சசாங்கா ஒற்றைக் காலில் நின்றார். கட்டினால் பட்டம் தம்பிக்குப் போகும் என்று பிரபுக்கள் மிரட்டினார்கள். ராஜாவுக்கு அவளும் வேண்டும், அரியணையும் வேண்டும்.

கடைசியில் ராஜமாதா இறங்கி வந்தார், பாதி தூரம்.

"கட்டிக்கோ. ஆனா தெம்பேக்காரி மகளைக் கட்ட ராஜா நேர்ல போற வழக்கம் நம்ம ஜாவாவுல கிடையாது. வாளை அனுப்பு, போதும்."

"எந்த வாளும்மா?"

"எதையாவது அனுப்பித் தொலை. அவ மூஞ்சிக்கு எதுவா இருந்தா என்ன?"

ராஜா தலையாட்டினார். பையன் இவ்வளவு சீக்கிரம் அடங்கிவிட்டானே என்று அம்மாவுக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

நிக்காஹ் ஓதிய பெரியவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இந்த வாளை இடுப்புல கட்டுறவர்தான் உனக்குப் புருஷன். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் சுமிரா.

அது முடியட்டும் என்றுதான் சபையில் ராஜமாதாவுக்குப் பக்கத்தில் மந்திரி காத்திருந்தார்.

"குலம் கெட்ட ராஜா இனி நமக்கு வேணாம். அவர் தம்பிக்கு, அதாவது என் மாப்பிள்ளை இளவரசருக்கு, இப்பவே பட்டம்! குலவாளை எடுத்துட்டு வாங்கய்யா. அது இடுப்புல ஏறாம எவனும் ராஜா ஆக முடியாது."

ஆயுத அறைக் காவலர் நகரவில்லை.

"அறையில இல்லீங்க."

"எங்கய்யா போச்சு?"

சுமிரா மல்லிகைச் சரத்தை மெதுவாக விலக்கினாள். உறையில் பொன் நாகம் மின்னியது. குலவாளேதான்.

மந்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயையோ, இதைக் கட்டினா என் பொண்ணுக்குச் சக்களத்தியா!"

இளவரசர் ஓசைப்படாமல் பின்வாங்கி, பெண்டாட்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில், பட்ட ஆசை அவருக்கு அப்போதே விட்டுப் போயிற்று.

சுமிரா ராஜமாதா முன் மண்டியிட்டு அவர் முழங்காலில் தலை வைத்து வணங்கினாள்.

"யாரை வேணா அரியணையில உக்கார வைங்க, அத்தே. மருமக நான்தான்."