கடைசி றெக்கையில் கீறல்

கடைசி றெக்கையில்தான் கீறல் இருந்தது.

முடியளவுதான். ஆனால் விரலை ஓட்டினால் நகத்தில் இடறியது. ட்ரோன்காரன் சட்டென்று நிமிர்ந்து சர்வேயரைப் பார்த்தான். அவர் வாய்க்கால் கரையில் நின்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

இன்று மாலைக்குள் ட்ரோன் எடுக்கிற படம் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அக்கரை வீடுகளை இடிக்கிற வேலை மழைக்காலம் முடிகிறவரை தள்ளிப்போகும். ஜீப்பில் வரும்போதே இதைச் சொல்லிப் புலம்பித் தீர்த்துவிட்டார்.

ஒரு மழைக்காலம் முழுக்கத் தலைக்கு மேலே கூரை இருப்பது என்ன லேசுப்பட்ட விஷயமா?

காலையிலிருந்து அவன் தேடியது பழுதைத்தான். பேட்டரி, கேமரா, திசைகாட்டி எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. மற்ற நாளெல்லாம் உயிரை வாங்குகிற சனியன், இன்றைக்குப் பார்த்து நல்லபிள்ளையாக நின்றது.

கீறலைச் சொன்னால், பையில் இருக்கிற புது றெக்கையை மாட்டச் சொல்வார். வேண்டுமென்றே கொண்டுபோய் மோதினால் ரிமோட்டின் பதிவே காட்டிக்கொடுத்துவிடும். றெக்கை தானாக முறிந்து ட்ரோன் தண்ணீரில் விழுந்தால் யாரைக் குறை சொல்ல முடியும்? அதோடு அவன் பிழைப்பும் முழுகிப்போகும். போகட்டும், கழுதை.

"எல்லாம் ஓகேவாப்பா?"

"ஓகே சார்."



ட்ரோனை எழுப்பி வாய்க்காலுக்கு மேலே கொண்டுபோனான். வேகம் கூட்டினான், வளைத்தான், திருப்பினான். முறியவில்லை. பாழாய்ப்போனது தண்ணீரைத் தாண்டி வீடுகளுக்கு மேலேயே போய்விட்டது.

திரையில் ஒரு மொட்டைமாடி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அண்ணாந்து பார்த்தாள். ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நேர் கீழே வந்து நின்று கையாட்டினாள். ட்ரோன் சத்தம் கேட்டாலே தன் தம்பிதான் என்று நினைக்கிறவள்.

இப்போது றெக்கை முறிந்தால் அவள் தலையில்தான் விழும். தள்ளிப் போக்கா, தள்ளிப் போ என்று மனசுக்குள் கத்தினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திருப்பி, இக்கரையில் இறக்கினான்.

"என்னாச்சு?" என்றார் சர்வேயர்.

"றெக்கையில கீறல் சார். கீழ ஆளுங்க நிக்கிறாங்க. மாத்திட்டு விடுறேன்."

"தொழில் சுத்தம்ப்பா உனக்கு" என்று முதுகில் தட்டினார்.

புது றெக்கையை மாட்டினான். எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, விரல் ஓட்டி, மறுபடியும் பார்த்தான். இப்போது ஒரு பழுதும் இல்லை.

அப்புறம் ஒரு வீடு விடாமல் படம் எடுத்தான்.

அக்கா இன்னும் மாடியில்தான் நின்றாள். அதற்குள் பிள்ளைகள் எல்லோருக்கும் முகம் துடைத்து, தலை சீவி, படத்துக்கு வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள்.