பன்னிரண்டாவது கோப்பு

"ஆனர்ஸ் இல்லை. தள்ளு."

பேராசிரியர் எவரெட் ஹாலோவே கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டார். பட்டத்தில் 'ஆனர்ஸ்' என்ற சிறப்புத் தேர்ச்சி இல்லாதவை, காலையிலிருந்து பதினொன்று.

முதுகலைச் சேர்க்கையில் கடைசியாக ஓர் இடம் மீதி. ஜன்னலுக்கு வெளியே ஒஹையோவின் பனி, ஆள் பார்க்காமல் எல்லார் கார் மீதும் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு கட்டுரையாவது படிங்க, எவரெட்," என்றாள் பெர்னடெட். தேர்வுக் குழுவே அவர்கள் இருவர்தான்.

"நாலு வருஷப் படிப்பை அந்த ஒரு வார்த்தை சொல்லிடுது. அதுக்கு மேல என்ன படிக்கணும்?"

பன்னிரண்டாவது கோப்பு. மாவிஸ் டன்லப். இதிலும் ஆனர்ஸ் இல்லை. பெர்னடெட் பெட்டியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஹாலோவே அந்தப் பெயரையே பார்த்தார். பிறகு கட்டுரையைப் படித்தார். மறுபடியும் படித்தார். காபி ஆறிப்போனது.

"இந்தப் பொண்ணுக்குக் கொடுத்துடலாம்."

"என்னது?"

"ஆனர்ஸ் நூலிழையில தவறிப்போச்சு. புள்ளியியல்ல ஒரு சி கிரேடு. அதுதான் கெடுத்திருக்கு."

"கடைசியில உங்க வாயால இதைக் கேட்கறேனே! யாரு இவ, உங்க தங்கச்சி மகளா?"

அவர் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரம் ரெண்டு நாள் காலையில இவதான் கார்ல கூட்டிட்டுப் போயிருக்கா. வகுப்பு எட்டு மணிக்கு. மூணு தடவை லேட்டா வந்தா ஒரு ஆப்சென்ட். பரீட்சையில ஏ வாங்கினவளுக்கு, லேட்டுக்குக் கழிச்சுக் கழிச்சு சி."

பெர்னடெட் கட்டுரையை வாங்கிப் புரட்டினாள்.

"அம்மா விஷயம் இருக்கு. பரீட்சையில ஏ, லேட்டு, இதெல்லாம் எங்க எழுதியிருக்கா?"

"எழுதலை."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இவ படிச்ச காலேஜ்ல அந்த வருஷம் புள்ளியியல் எடுத்தது நான்தான். ஏன் லேட்டுன்னு ஒருநாள்கூட நான் கேட்கலை."

பிறகு அவர் எழுந்தார்.

"நம்மகிட்ட படிச்சவங்க விண்ணப்பம்னா நாம வெளியே போயிடணும். விதி. நீயே முடிவு பண்ணு."

"இவளை நான் பார்த்துக்கறேன். நீங்க உட்காருங்க."

பெர்னடெட் குனிந்து, அட்டைப்பெட்டியைத் தூக்கி அவர்முன் வைத்தாள்.

"இவளோட வாத்தியார் இந்த ரூம்ல இருந்தார், எவரெட். இந்தப் பதினொரு பேரோட வாத்தியாருங்க எங்க?"