குழந்தைப் பாதுகாப்புக் கட்டணம்

“நீ எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கே. இல்லேன்னா நெட் பில் எப்படி இவ்வளவு ஏறும்?”

ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டான் கணவன்.

“நான் எதையும் தொடலைங்க. மத்தியானம் அம்மாகிட்ட வீடியோவில பேசறேன், அவ்வளவுதான். பாப்பாவைப் பாக்காம அவங்களுக்கு...”

“அதான் சொல்றேன். அடுத்த மாசமும் இப்படி வந்தா கனெக்‌ஷனையே கட் பண்ணிடுவேன். அப்புறம் அம்மாவும் பொண்ணும் தபால்ல கொஞ்சிக்குங்க.”

கதவை அறைந்த வேகத்தில், தூங்கிக்கொண்டிருந்த பாப்பா வீரிட்டாள்.

அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அவன் விட்டெறிந்துபோன பில்லை எடுத்துப் படித்தாள். சேவைக்கு ஒன்று, பராமரிப்புக்கு ஒன்று, எதற்கென்றே சொல்லாமல் ‘இதர’ என்று ஒன்று. தலை சுற்றியது. கடைசியில்தான் அது கண்ணில் பட்டது. ‘குழந்தைப் பாதுகாப்பு.’

போன மாத பில்லில் இது இல்லையே!

இந்த ஊரில் அவளுக்கென்று யாரும் கிடையாது. நெட் போனால் அம்மாவும் போன மாதிரிதான். பில்லில் இருந்த நம்பரை அழுத்தினாள். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, காத்திரு என்று அலைக்கழித்துவிட்டு ஒரு பெண் குரல் வந்தது.

“சொல்லுங்க மேடம்.”

“என்னத்தைச் சொல்ல? கேக்காமலே ஒரு திட்டத்தைத் தலையில கட்டிட்டுப் பகல்கொள்ளை அடிக்கறீங்க. உங்களால எங்க வீட்ல சண்டை!” கோபப்பட்டுப் பழக்கமில்லாததால் குரல் நடுங்கியது.

“மன்னிக்கணும் மேடம். கணக்கு நம்பர் சொல்லுங்க... ம். இது நாங்களாப் போட்டதில்ல. உங்க சார் கேட்டு வாங்கினது.”

“அவரா? இருக்கவே இருக்காது. பில்லைப் பாத்துட்டுக் குதிக்கறதே அவர்தான். அது என்னதான் பண்ணுமாம்?”

“குழந்தைங்க ஃபோன்ல போட்டுவிடறது மேடம். இருக்கறதே வெளியில தெரியாது. யார்கூடப் பேசறாங்க, என்ன தேடறாங்க, எங்க போறாங்க, எல்லாம் உடனே அப்பா ஃபோனுக்குப் போயிடும்.”

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“நல்லாப் பாருங்கம்மா. எங்க பாப்பாவுக்கு இன்னும் உக்காரவே வரலை. அவளுக்கு ஏது ஃபோன்? யாரோ வாங்கினதை எங்க தலையில எழுதியிருக்கீங்க.”

“ஒரு நிமிஷம் மேடம். குழந்தையோட நம்பர்னு ஒண்ணு குடுத்திருக்காரு, பாக்கறேன்.”

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. சட்டென்று நின்றது.

“ஹலோ? இருக்கீங்களா? தப்பு உங்களுதுன்னு தெரிஞ்சுதா? அவர் வர்றதுக்குள்ள அதை எடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பதில் வந்தபோது அந்தக் குரலில் ‘மேடம்’ இல்லை.

“அக்கா, முதல்ல ஃபோனை வெச்சிடுங்க. அவர் குடுத்திருக்கற நம்பர்லேருந்துதான் நீங்க இப்பப் பேசறீங்க.”