மந்திரக்காரிக்குக் கண் தெரியாது

ஞாயிற்றுக்கிழமை மதியம் நசீர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவனும் ரெபேக்காவும் சுகிர்தாவும் பகடை உருட்டிக் கதை ஆடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நசீர் சொல்லும் காடுகளிலும் குகைகளிலும் அலைவார்கள். இந்த முறை சுகிர்தா தனக்கென்று ஒரு மந்திரக்காரியை உருவாக்கினாள். அவளுக்குக் கண் தெரியாது என்றாள்.

தன்னுடைய ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அப்போ ஒரு மந்திரம் குடுத்துடலாம். கண்ணில்லாமலே எல்லாத்தையும் பாத்துடுவா," என்றான் நசீர்.

"வேணாம்டா."

"அப்புறம் குகைக்குள்ள எப்படிப் போவா?"

"கூட வர்றவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க."

"தினமுமா? சலிச்சுப் போயிடும்பா," என்று சிரித்தாள் ரெபேக்கா. "என் வீராங்கனை ரெண்டாவது நாளே விட்டுட்டு ஓடிடுவா."

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"நிஜமாவே ஓடிடுவாளா?" என்று கேட்டபோது சுகிர்தாவின் குரல் உடைந்துவிட்டது. ரெபேக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

நசீர் பேச்சை மாற்ற, "சரி, குகைக்குள்ள நுழையறாளா பாப்போம், உருட்டு," என்றான்.

பகடை உருண்டு எங்கோ நின்ற சத்தம் கேட்டது. சுகிர்தா தலையை மெல்லத் திருப்பித் திருப்பி மேசை முழுக்கத் தேடினாள்.

"என்ன விழுந்திருக்கு?" என்றாள் கடைசியில்.

"உன் கைகிட்டதானே கிடக்கு?" என்றான் நசீர்.

பக்கத்தில் ரெபேக்காவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவள் எழுந்து தன்னிடம் வருகிறாளா, விலகிப் போகிறாளா என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை.