நான்கு பிள்ளைகளுக்கு ஐந்து வழிகாட்டிகள்

இன்றைக்கே எல்லோரும் மேல்மாடிக்கு மாறுகிறோம் என்று கிர்ஸ்டன் ரீச்சர் கைதட்டி அறிவித்ததும் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

நாங்கள் ஐந்து பேரும் இடி விழுந்தது போல நின்றோம். எப்பாடு பட்டாவது இந்த நிலவறையைக் காப்பாற்றியாக வேண்டும்.

டென்மார்க்கின் பிராண்டேயில், அந்தப் பாடசாலையின் நிலவறையில் நடந்த றோபோக் கழகத்தில் பிள்ளைகள் நான்கு பேர், வழிகாட்டிகள் ஐந்து பேர். ஐந்து பேரும் தமிழர். மின்சாரக் காற்றாடி செய்யும் தொழிற்சாலையில் ஒரே நேர வேலை. றோபோ என்ற சாமானை அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை.

இங்கேயும் தொடக்கூடாது. பிள்ளைகளே செய்ய வேண்டும், பெரியவர்கள் கை வைக்கக்கூடாது என்பது கழகத்தின் சட்டம். அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்போம். குருசுமுத்துவுக்குத்தான் அது பெரிய அவஸ்தை. முகத்தை நீட்டி நாடியாலேயே காட்டிக் காட்டி, ஒருநாள் நாடியால் ஒரு சில்லைக் கழற்றிவிட்டார்.

அது 2009 வைகாசி. ஊரில் சண்டை முடியப் போகிறது என்று எல்லாத் தொலைக்காட்சியும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லோருக்கும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். சீவரத்தினம் அண்ணைக்குத் தங்கச்சி, அவளுடைய இரண்டு பிள்ளைகள். கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள் என்பதோடு அவர்களைப் பற்றிய கதை நின்றுவிட்டது.

இப்படியொரு நேரத்தில், வேலை முடிந்த கையோடு வீட்டுக்குப் போகாமல் றோபோவுக்கு முன்னால் போய் நிற்கிற ஆம்பிளைகளை என்னவென்று சொல்வது? எங்கள் மனைவிமார் பலதும் சொன்னார்கள். என் மனைவி கிறேஸ் சொன்னதை அச்சில் போட முடியாது.

டெனிஷ்காரருக்கோ எங்களைக் கண்டால் கண் கலங்கும். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, எதற்காக இப்படிச் சும்மா வந்து உழைக்கிறீர்கள் என்று கேட்டார். பிள்ளைகள்தான் எதிர்காலம் என்றார் சீவரத்தினம் அண்ணை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அவருடைய ஒரே மகன் வளர்ந்து ஓகூஸ் நகரத்தில் பல் வைத்தியம் படிக்கிறான். பீற்றர் சின்ன வயதிலிருந்தே தனக்கு விஞ்ஞானத்தில் பைத்தியம் என்றார். இந்தச் சமூகத்துக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று நான் கேட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அதைப் படித்துத்தான் கிர்ஸ்டன் உருகிப்போனாள். இவ்வளவு நல்ல மனிதர்களை ஒரு யன்னல்கூட இல்லாத இடத்தில் போட்டு வைத்திருக்கிறோமே என்று அதிபரோடு சண்டை பிடித்து, மேல்மாடியில் பெரிய அறை ஒன்றை வாங்கிவிட்டாள்.

வேண்டாம் என்றோம். வெயில் பட்டால் றோபோவுக்குக் கண் கூசும் என்றார் பீற்றர். அங்கே திரை இருக்கிறதே என்று அவருடைய மகள் எப்சிபாவே டெனிஷில் காட்டிக்கொடுத்தாள். தன்னால் படியேற ஏலாது, முழங்கால் வருத்தம் என்றார் நித்தியானந்தன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்து விளையாடுகிறவர். நிலவறைக் குளிர் பிள்ளைகளின் மூளைக்கு நல்லது என்று குருசுமுத்து ஒரு புது வைத்தியம் சொன்னார்.

கிர்ஸ்டன் சிரித்தாள். எங்கள் வீடுகளில் சாப்பிட்டுப் பழகியவள் அவள். தமிழர் முதலில் வேண்டாம், வேண்டாம் என்பார்கள், பிறகு கோப்பையை நீட்டுவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் மறுக்க மறுக்க அவளுக்கு எங்கள்மேல் அன்பு கூடிக்கொண்டே போனது.

கடைசியில், போட்டிக்குப் பழகும் பெரிய மேசையை நாங்களே தூக்கினோம். அந்தக் கழகத்தில் நாங்கள் கை வைத்த முதல் வேலை அதுதான்.

மேல்படியில் கால் வைத்ததும் நித்தியானந்தனின் சட்டைப்பை கிணுகிணுத்தது. அடுத்தது என்னுடையது. பிறகு ஒவ்வொருவருடையதாக எல்லாம் அடிக்கத் தொடங்கின.

அந்த நிலவறை ஒரு காலத்தில் குண்டுக்குப் பயந்து கட்டியது. சுவர் அவ்வளவு தடிப்பு. கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூட ஏறாது. பெற்றோர் கூட்டமொன்றுக்குக் கதிரை எடுக்க இறங்கிய பீற்றர்தான் அதைக் கண்டுபிடித்து, தொழிற்சாலையில் எங்கள் காதில் போட்டார். கீழே நிற்கும்வரை எவருக்கும் செய்தி வராது. செய்தி வரும்வரை எவரும் சாகவில்லை. நாங்கள் றோபோவுக்குப் போனது அதற்காகத்தான்.

மேசையை யன்னலோரம் இறக்கினோம். மற்றவர்களுடையது எல்லாம் தவறிய அழைப்புகள், அடித்து ஓய்ந்துவிட்டன. சீவரத்தினம் அண்ணையுடையது மட்டும் விடாமல் அடித்தது. மெல்லிய சட்டை, பைக்குள் வெளிச்சம் தெரிந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். வீட்டிலிருந்து அவருடைய மனைவி. வேலை நேரத்திலோ கழக நேரத்திலோ ஒருநாளும் அவரை அழைக்காத மனுசி.

"நீ கதை தம்பி," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "என்ரை ரெண்டு கையும் மேசையிலை எல்லோ. விட்டால் சரிஞ்சிடும்."

மேசை நான்கு காலையும் ஊன்றி நிலத்தில் அசையாமல் நின்றது.

மற்ற மூன்று பேரும் வந்து ஆளுக்கொரு மூலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.